காலி விடாத கட்டம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அடைக்கலம் கொண்டுவரும் மனு என்றால் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதில்லை என்று ஆபீஸ் கிளார்க்குகள் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் சற்று முன்பு முதல் வரியைப் பார்த்துவிட்டு ரைட்டரிடம், "இவரே எழுதட்டும்யா" என்றீர்கள். அதற்கு நன்றி. அடுத்தவர் எழுதினால் எங்காவது ஒரு விஷயம் விட்டுப் போகும்.

பெயர் அடைக்கலம். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலைத் தாண்டி, கொள்ளிடத்துக்குப் போகும் பாதையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். பதினான்கு வருஷமாக ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். இரண்டு வருஷத்துக்கு முன், ஐம்பத்தாறில், கம்பெனிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது கூட இருந்தவர்கள் பலர் பயந்து ஜவுளிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் ஓடிப்போனார்கள். நான் ஓடவில்லை. எனக்கு இந்தத் தொழில் பிடிக்கும்.

யாரும் சாவைச் சாவு என்று சொல்வதில்லை. "எனக்கு ஏதாவது ஆயிட்டா" என்பார்கள். அந்த ஏதாவது என்ன என்று கட்டம் கட்டமாகக் கேட்டு எழுதுவது என் வேலை. ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் ஆபீஸிலிருந்து மனு திரும்பி வரும், கட்சிக்காரர் மனம் மாறிவிடுவார். பதினான்கு வருஷத்தில் என் மனு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ரெங்கராஜ் உறையூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். என் சைக்கிளை அங்கேதான் விடுவேன். உப்பிலியபுரத்துக்காரர், பச்சைமலை அடிவாரத்திலிருந்து பிழைக்க வந்தவர். நல்ல உழைப்பாளி. ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் அவருக்கு ஒரு பாலிசி போட்டேன். அப்போது கல்யாணமாகி நாலு மாதம்.

உடன்பிறந்தவர்களில் யாராவது இறந்திருந்தால் வயதும் காரணமும் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. ஒரு தம்பி இருந்தான், ஒன்பது வயதில் கிணற்றில் விழுந்து செத்தான் என்றார். எழுதிக்கொண்டேன். "அன்னியிலேர்ந்து நான் தண்ணியில எறங்குறதே இல்லண்ணே. நீச்சலும் கத்துக்கல" என்றும் சொன்னார். அதை எழுதக் கட்டத்தில் இடம் இல்லை. ஆகவே மனசில் வைத்துக்கொண்டேன்.

தனக்குப் பின் பணம் யாருக்கு என்று கேட்கும் நாமினி என்ற இடத்தில் மனைவி பெயரைச் சொன்னார். வள்ளிக்கண்ணு. எட்டாவது வரை படித்த பெண். நான் எழுதி முடித்ததும் கிட்டே வந்து எட்டிப் பார்த்து, "உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்றாள். நடந்தது என்பதால் இதையும் எழுதுகிறேன். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. அண்ணே என்று அவள் சொன்னதிலும் விசேஷம் இல்லை. இந்தப் பக்கத்தில் பால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மயிலம்மாள். ரெங்கராஜின் அக்கா, புருஷனை இழந்தவள், தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவளுக்கு என்னைப் பிடிக்காது. ஒருநாள் நான் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"பிரீமியம் மூணு மாசத்துக்கு ஒருக்காதானே? இந்த ஆளு எதுக்கு மாசாமாசம் வர்றாரு?"

கணக்காகக் கேட்டாள். நான் கட்சிக்காரர்களை நலம் விசாரிப்பது வழக்கம் என்று ரெங்கராஜே பதில் சொன்னார்.

போன புரட்டாசியில் அவர்களுக்குள் சண்டை வந்தது. வள்ளிக்கண்ணுவின் அக்கா செல்லக்கிளி ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம், பத்து நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று இவள் கேட்க, இங்கே யார் சமைப்பது என்று மயிலம்மாள் மறிக்க, இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "போனா அங்கேயே இரு" என்று ரெங்கராஜ் கத்திவிட்டார். அவளும் அங்கேயே இருந்துவிட்டாள். அவ்வளவுதான் சண்டை. பத்து நாளில் ஆறிப்போயிருக்க வேண்டியது. பத்து மாதம் போயிற்று. ஏன் போயிற்று என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது.

இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். தீபாவளிக்கு முன்பு வள்ளிக்கண்ணு என்னிடம், "ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுறேன்னு அவர்கிட்ட சொல்லுங்கண்ணே" என்றாள். நான் போய், நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். அவள் நன்றாகத்தான் இருந்தாள். வேறு ஏதாவது சொன்னாளா என்று அவர் கேட்டார். சூடு தணியட்டும், அவசரப்பட வேண்டாம் என்றேன். சேர்ந்த வேகத்தில் மறுபடியும் பிரிந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்கு ரெங்கராஜ் ஒரு சேலை வாங்கி, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். பச்சைக் கரை. அது என் டிரங்குப் பெட்டியில் இருந்ததை உங்கள் ஆட்கள் எடுத்தார்கள். கொடுப்பதற்கு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலைக்குப் பதில் வரவில்லை என்றதும் மாசியில் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மயிலம்மாளும் தூபம் போட்டாள். ஒருநாள் கடையை விட்டு எழுந்து வந்து, நாமினியில் பெண்டாட்டி பெயரை எடுத்துவிட்டு அக்கா பெயரைப் போட வேண்டும் என்றார். அதற்கு ஒரு ஃபாரம் இருக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாலிசிப் பத்திரத்தையும் கூடவே கொடுக்கச் சொன்னேன். ஆபீஸில் இரண்டையும் பார்த்துப் பதிவு செய்து முத்திரை போட்டால்தான் மாற்றம் செல்லும். அதுவரை பழைய பெயர்தான். இது ரெங்கராஜுக்குத் தெரியாது. ஏஜெண்டிடம் கொடுத்தால் ஆபீஸில் கொடுத்த மாதிரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, "நீங்களே பார்த்து எழுதிக்குங்க" என்று நீட்டுகிறவர்கள் பாதிப்பேர்.

நான் இரண்டையும் என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஒரு பெண்ணின் வாழ்வாதாரத்தைக் கோபத்தில் எழுதிய ஒரு காகிதம் பறித்துவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. இதில் தப்பு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை.

சித்திரையில் வள்ளிக்கண்ணுவிடம், உன் பெயரை எடுத்துவிட்டார் என்று சொன்னேன். நான் பொய் சொன்னதாக நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். பொய் அல்ல. அவர் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது உண்மை, அது டிராயரில் கிடந்ததும் உண்மை. அவள் ஒன்றைக் கேட்டாள், ஒன்றைக் கேட்கவில்லை. "அவரே சொன்னாரா?" என்றுதான் கேட்டாள். அவரே வந்து கையெழுத்துப் போட்டார் என்றேன். அழவில்லை. உள்ளே போய்விட்டாள். வழக்கமாகத் தரும் காபிகூட அன்று வரவில்லை. நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி அவளுக்குத் துணை என்று யார் இருக்கிறார்கள் என்று அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு பெரியவனாகத்தான் யோசித்தேன்.

ஆனி மாதத்திலிருந்து எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. சந்தேகம் என் தொழிலில் பாதி. நெஞ்சுவலி கிடையாது என்பவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொல்வான். அதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். வள்ளிக்கண்ணு என்னிடம் சேதி சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டாள். கோபம் என்றால் முகத்தில் தெரியும், இவள் முகம் தெளிவாக இருந்தது. செல்லக்கிளி என்னைப் பார்த்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உறையூரில் ரெங்கராஜ் சீட்டி அடித்துக்கொண்டு பஞ்சர் ஒட்டினார், ஃபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயிலம்மாள் எனக்கு மோர் கொடுத்தாள். அது எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று புரிந்தது. என்ன என்று புரியவில்லை. மேலூர் ரோடு வழியாகத் தினம் இரண்டு தடவை போய் வந்தேன்.

நடந்தது என்ன என்று இப்போது நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு தபால் கார்டு போட்டிருக்கிறாள். 'என் பேரை எடுத்துட்டீங்களாம், நல்லது, எனக்கு அது வேண்டாம், உங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா போதும்' என்று. அதைப் படித்துவிட்டு மனுஷன் அன்றைக்கே பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் சொன்ன வார்த்தையால்தான் அந்தக் கார்டு எழுதப்பட்டது. அந்த வகையில் அவர்களைச் சேர்த்துவைத்தவனும் நான்தான்.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு ஆற்றிலும் தண்ணீர் கரை தட்டிப் போயிற்று. காலையில் அம்மா மண்டபத்தில் கூட்டம் தாங்கவில்லை. பெண்கள் சித்ரான்னம் வைத்து, காதோலை கருகமணி விட்டு, ஒருவருக்கொருவர் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளியோடு வள்ளிக்கண்ணுவும் வந்திருந்தாள். நான் படியின் மேலே தூண் பக்கம் நின்றேன். செல்லக்கிளி கயிறு மாற்றிக்கொண்டாள். தங்கையிடமும் ஒன்றை நீட்டினாள். இவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பழைய கயிற்றோடேயே மேலே ஏறி வந்தாள்.

தாலி கட்டிக்கொண்ட ஒருத்தி பதினெட்டாம் பெருக்கன்று கயிறு மாற்ற மாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். அவள் அந்தத் தாலியோடு மனசளவில் முடித்துக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். சந்தேகமெல்லாம் தீர்ந்தது. அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பெட்டியைத் திறந்து, அந்தச் சேலை பூச்சி அரிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ரெங்கராஜ் என் வீட்டுக்கு வந்தார். வந்ததும் என் சைக்கிளைத்தான் பார்த்தார். "பிரேக் கட்டை தேஞ்சு கெடக்குண்ணே, நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்றார். பிறகு, அந்த ஃபாரம் விஷயமாகப் பேச வேண்டும் என்றார். வீட்டுக்காரர் காதில் விழ வேண்டாம் என்று, தண்ணீர் பார்த்துக்கொண்டே பேசலாம் என அழைத்துப் போனேன். ஊரே காவேரிப் பக்கம் இருந்தது. கொள்ளிடக் கரையில் யாரும் இல்லை.

கரையில் நின்றதும், "அந்த ஃபாரத்தை அனுப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். அனுப்பவில்லை என்றால், ஆறு மாதமாக ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பார். ஆபீஸுக்குப் போவார். என் லைசென்ஸ் போய்விடும். அதைவிட, அவரே நேரில் இன்னொரு ஃபாரம் கொடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். இதெல்லாம் ஒரு கணத்தில் எனக்குள் ஓடியது. அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடிக்கவில்லை. கரை மண் ஈரமாக இருந்தது. சரிந்தது. அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம். ஆறே கால்.

அவர் என்னைப் பார்த்து ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் மேலூர் ரோட்டு வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். தேடி வந்தவர்களிடம், நான் அம்மா மண்டபத்துக்குப் போயிருந்தேன், அவரைப் பார்க்கவே இல்லை என்றேன். மூன்றாம் நாள் லால்குடிப் பக்கம் உடல் ஒதுங்கியது. ஆடி வெள்ளத்தில் வருஷத்துக்கு நாலு பேர் போவதுதான். இறந்து இரண்டு மூன்று நாள் இருக்கலாம் என்று டாக்டர் எழுதினார். அப்போது ஸ்டேஷனில் இருந்தவர்கள் அதோடு விட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு பணம் கேட்கும் ஃபாரத்தை நானே முழுக்கப் பூர்த்தி செய்து, கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலையில் உறையூருக்கு எடுத்துப் போனேன். வள்ளிக்கண்ணு காரியத்துக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். அவளும் மயிலம்மாளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"உன் பெயர் அப்படியேதான் இருக்கிறது, அந்த ஃபாரத்தை நான் அனுப்பவே இல்லை, உனக்காகத்தான் வைத்திருந்தேன்" என்று சொன்னேன். எத்தனையோ மாதமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை அது. அவள் நன்றி என்று சொல்லவில்லை. ஃபாரத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"எறந்த நேரம், மாலை ஆறே கால்னு எழுதியிருக்கீங்க. இது உங்களுக்கு யாரு சொன்னது?"

டாக்டர் சர்டிபிகேட்டில் இருக்கும் என்றேன்.

"அதுல நேரம் இல்ல. நான் படிச்சிருக்கேன். நாளே உறுதியா இல்ல."

அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். மயிலம்மாள் எழுந்து போய் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, தெருவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் ஓடவில்லை. எங்கே ஓடுவது?

தெரியாது என்று எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று எழுதிப் பழக்கமில்லை. கட்டம் இருந்தது, விவரமும் இருந்தது, கை எழுதிவிட்டது.

இந்த இடத்தில் ஐயா, முந்தின தாளில் நான் எழுதியதில் ஒரு திருத்தம். அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அப்படிச் செய்யாத திருத்தம் செல்லாது. கரை சரிந்தது என்பதையும், அவர் பேச்சை முடிக்கவில்லை என்பதையும் அடித்திருக்கிறேன். உடலில் சட்டைப் பையில் கிடந்த பொட்டலத்தைப் பற்றி நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை.

அவர் பேச்சை முடித்தார். "அனுப்பலன்னா கிழிச்சுப் போட்டுடுங்கண்ணே. வள்ளி பேரே இருக்கட்டும். நாளைக்குக் காலையில அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அக்காவே கூட்டியான்னு சொல்லிடுச்சு" என்றார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். புது மஞ்சள் கயிறு. "இன்னிக்கு அவ கயிறு மாத்திக்கல. என் கையாலதான் கட்டணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "எங்களுக்காக நீங்க எவ்வளவோ நடந்தீங்கண்ணே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதருக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

ஃபாரம், லைசென்ஸ், அந்தப் பெண்ணின் பணம் எதுவும் அதன் பிறகு குறுக்கே இல்லை. கிழித்துப் போட்டிருந்தால் முடிந்தது. அது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

"பதினெட்டாம் பெருக்கன்னிக்கு வந்துட்டு, தண்ணியத் தொட்டுக் கும்பிடாம போகக்கூடாது தம்பி" என்றேன். பயமாக இருக்கிறது என்றார். நான் இருக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கும்பிட இரண்டு கையும் வேண்டுமே, பொட்டலத்தைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். குனிந்து, தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். நான் பொட்டலத்தை அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து, பட்டனையும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன்.

ஐயா, பிறத்தியார் பொருள் எதையும் நான் வைத்துக்கொள்கிறவன் இல்லை.